லெட்சுமியும் ‘யீ ஓல்டு’ம்

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகிற சாலையில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டி ஒரு விடுதி இருக்கிறது. வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள். உள்ளே கணப்பு. மேசைக்கு வருவது ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும். வெள்ளைக்காரத் துரைமார்கள் சமவெளி வெக்கைக்குத் தப்பி மலையேறி வந்த 1930களில் எழுந்த கட்டடம் அது. கேமரன் மலைக்கு வருகிறவர்கள் பலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை. படத்தில் தவறாமல் விழுகிற பெயர், ‘யீ ஓல்டு ஸ்மோக்ஹவுஸ்’.

ஆங்கிலத்தில் ‘தி’ என்று மூன்றெழுத்தில் எழுதவேண்டிய இடத்தில் ஒய், இ என்று இரண்டே எழுத்து. ‘ஓல்டு’ என்பதற்கோ ஓ, எல், டி போதும். இங்கே வாலாக இன்னொரு ‘இ’ தொங்குகிறது. மலையடிவாரத்துத் தோட்டப் பள்ளியில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். அதே எழுத்து விடுதி வாசலில் ஏறும்போது அதற்கு விலை வந்துவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கட்டடமும் பெயரும் ஒரே வேஷத்தில் இருக்கின்றன. கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவருமான டியூடர் பாணி, 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட டியூடர் அரசர்கள் காலத்தது. பகாங் மலையில் அது எழும்போது அந்த வம்சம் முடிந்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பிறந்த அன்றே அந்தக் கட்டடம் ‘பழையது’.

ஒய்-இ விவகாரத்துக்குப் பின்னால் செத்துப்போன ஓர் எழுத்தின் கதை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘த’ ஒலிக்கென்று தனி எழுத்து இருந்தது. பெயர் ‘தார்ன்’, அதாவது முள். வடக்கு ஐரோப்பியரின் ரூன் எழுத்திலிருந்து வந்தது. ஐஸ்லாந்து மொழியில் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் கையெழுத்துப் பிரதி எழுதியவர்கள் காலப்போக்கில் அதன் மேல்முடிச்சைத் திறந்து திறந்து எழுத, கடைசியில் அதற்கும் ஒய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தபோது எழுத்துகள் ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்தன. அங்கே அந்த முள் எழுத்துக்கு வேலை இல்லை, அதனால் அச்சுப் பெட்டியிலும் அது இல்லை. அச்சுக்கோத்தவர்கள் பக்கத்தில் கிடந்த ஒய்யை எடுத்துச் சொருகினார்கள். இடம் போதாத வரிகளில் ‘தி’யைச் சுருக்கி, ஒய்யும் அதன் தலைமேல் குட்டி ‘இ’யும் வைத்தார்கள். 1611இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் சில இடங்களில் இந்தச் சுருக்கம் உண்டு.

ஆகவே அந்தக் காலத்தில் யாரும் ‘யீ’ என்று வாசித்ததே இல்லை. எழுதியது ஒய், வாசித்தது ‘தி’. பகாங் விடுதியின் பெயரைச் சரியாக வாசித்தால் ‘தி ஓல்டு ஸ்மோக்ஹவுஸ்’தான். பழையபடி உச்சரிப்பதாக நினைத்து ‘யீ’ என்று நீட்டுகிறவர்கள், எந்தக் காலத்து ஆங்கிலேயரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. ஐம்பது வயது தாண்டியவர்கள் ‘லை’யையும் ‘னை’யையும் யானைத் தும்பிக்கை போட்டு எழுதப் படித்தவர்கள். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணை போட்டு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அங்கேயும் அச்சும் தட்டச்சும்தான் முன்னால் நின்ற காரணங்கள். தும்பிக்கை போட்ட ‘லை’யை இன்றைக்கு ஒரு கடைக்காரர் பலகையில் எழுதினால் அது பிழையா, பாரம்பரியமா? இட்லிக்கடையா, நட்சத்திர ஓட்டலா என்பதைப் பொறுத்தது.

‘ஓல்டு’க்கு வால் முளைத்த கதை வேறு. அந்த ‘இ’ முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. 14ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய ஆங்கிலத்தில் சில இடங்களில், குறிப்பாகச் சுட்டுச்சொல்லுக்குப் பின்னால், ‘ஓல்டு’ அந்த ‘இ’யோடுதான் வரும், ஒலிக்கவும் செய்யும். கடை என்ற பொருளில் ‘ஷாப்’ என்பதை இரண்டு ‘பி’யும் ஓர் ‘இ’யும் போட்டு எழுதியதும் அந்தக் காலத்து நிஜ வழக்கம். பிறகு ஒலி தேய்ந்தது, எழுத்து உதிர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயிலும் தொழிற்சாலையும் நாட்டைத் தலைகீழாக்கிய பிறகு, இங்கிலாந்தின் மதுக்கடைக்காரர்களும் தேநீர்க்கடைக்காரர்களும் உதிர்ந்ததைப் பொறுக்கிவந்து பலகையில் ஒட்டினார்கள். லண்டன் ஃப்ளீட் தெருவில் இருக்கும் ‘யீ ஓல்டு செஷையர் சீஸ்’ மதுக்கடை 1666 பெருந்தீக்கு அடுத்த ஆண்டு திரும்பக் கட்டப்பட்டது. அதற்காவது வயதின் தகுதி உண்டு. நேற்று திறந்த கேக் கடைக்கும் அதே ‘ஷாப்பி’ எழுத்து வந்ததுதான் வியாபாரம். கும்பகோணம் டிகிரி காபி என்று பித்தளை டபரா வரைந்து நெடுஞ்சாலையில் கடை போடுகிறவருக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும். பழமைக்கு ஆதாரம் கேட்டு எவரும் வருவதில்லை. அடையாளம் கண்ணில் பட்டால் போதும்.

வேஷமில்லாமல் பழைய எழுத்தோடு வாழும் ஆங்கிலச் சொற்களும் இருக்கின்றன. சிறை என்பதற்கு ஜே போட்டு ‘ஜெயில்’ எழுதுவது ஒன்று, ஜி-ஏ-ஓ-எல் என்று எழுதி அதையும் ‘ஜெயில்’ என்றே வாசிப்பது மற்றொன்று. இரண்டும் பிரெஞ்சின் இரண்டு வட்டார வழக்குகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவை. மலாயாவின் பழைய ஆவணங்களில் புடு சிறையும் தைப்பிங் சிறையும் ‘ஜி’ போட்ட ஜெயில்களே. பிரிட்டனின் மெதடிஸ்ட் திருச்சபை தன் அமைப்பைக் குறிக்கும் ‘கனெக்ஷன்’ என்ற சொல்லை இன்னமும் ‘எக்ஸ்’ போட்டு எழுதுகிறது. ஆஸ்பல் என்கிற ஆப்பிள் மது நிறுவனம் ‘சைடர்’ என்பதில் ‘ஐ’க்குப் பதிலாக ‘ஒய்’யை வைத்திருக்கிறது. இவர்களில் சுவையான ஆள் பெர்னார்ட் ஷா. ஆங்கில எழுத்துக்கூட்டலே பைத்தியக்காரத்தனம் என்று வாழ்நாள் முழுக்கத் திட்டியவர். புதிய அகரவரிசை உருவாக்கச் சொல்லி உயிலில் பணம் ஒதுக்கினார். அந்த எழுத்தில் அவருடைய ‘ஆண்ட்ரோக்லிஸும் சிங்கமும்’ 1962இல் அச்சாயிற்று. அதே மனிதர் ‘ஷோ’ என்ற சொல்லை மட்டும், உலகமே ‘ஓ’ போட்டு எழுதியபோதும், பாட்டன் காலத்து ‘இ’ போட்டே எழுதிவந்தார்.

பிரிஞ்சாங் பக்கம் ஏறினால் வேறு வகைப் பழமை ஒன்று காத்திருக்கிறது.

ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேய வியாபாரி, இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்னின் துணையோடு 1929இல் தொடங்கியது போ தேயிலை நிறுவனம். அதன் தோட்டங்களில் வெளியாருக்கு அதிகம் தெரிந்தது சுங்கை பலாஸ். குறுகலான மலைப்பாதையில் வளைந்து வளைந்து போனால், தேயிலைச் சரிவின்மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தேநீர்க்கூடம். சுங்கை என்றால் மலாயில் ஆறு. பள்ளிப் பாடநூலிலும் சாலைப் பலகையிலும் அரசாங்கக் கடிதத்திலும் அந்தச் சொல் ‘ஏ-ஐ’ என்று முடியும். போ நிறுவனத்தின் தேயிலைப் பெட்டியிலோ ‘இ-ஐ’. அதே தோட்டத்தின் தமிழ்ப்பள்ளிக்கு அரசு வைத்திருக்கும் பெயரைப் பார்த்தால் அங்கே ‘ஏ-ஐ’. ஒரே ஆறு, ஒரே மண். பிள்ளைகளின் பள்ளிப் பெயரில் புதிய எழுத்து, அப்பா அம்மா பறிக்கும் கொழுந்து போய் உட்காரும் பெட்டியில் பழைய எழுத்து.

இந்த ‘இ-ஐ’ வெள்ளைக்கார நில அளவைக்காரர்களின் கைவேலை. 1885இல் இந்த மலைப்பகுதியை அளக்க வந்து தன் பெயரை விட்டுப்போன வில்லியம் கேமரன் காலத்திலிருந்து, காதில் விழுந்ததை ஆங்கில வழக்கப்படி எழுதி வரைபடத்தில் போட்டுக்கொண்டே போனார்கள். கோலாலம்பூரின் முதற்சொல்லுக்கு ஒரு காலத்தில் ‘கே’யும் ‘டபிள்யூ’வும் போட்டார்கள். ஜொகூருக்குக் கடைசியில் ஒரு ‘இ’ வைத்தார்கள், அதே ‘ஓல்டு’ வால். சுதந்திரத்துக்குப் பிறகு மலாய் தேசிய மொழியானதும் எழுத்தைச் சீராக்கும் வேலை வேகம் பிடித்தது. 1972 ஆகஸ்ட் 16 அன்று மலேசியாவும் இந்தோனேசியாவும் கைகோத்து ஒரே எழுத்துக்கூட்டலை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. மலேசியா ‘ச’ ஒலிக்கு எழுதிவந்த ‘சி-எச்’ வெறும் ‘சி’ ஆயிற்று. டச்சுக்காரர் பழக்கிய ‘டி-ஜே’யை இந்தோனேசியாவும் கைவிட்டு அதே ‘சி’க்கு வந்தது.

ஆனால் ஊர்ப்பெயர்கள் அவ்வளவு சுலபத்தில் வழிக்கு வரவில்லை. பூனையைக் குறிக்கும் ‘கூச்சிங்’ என்ற மலாய்ச் சொல் எழுத்து மாறிவிட்டது. சரவாக் தலைநகரான கூச்சிங் மட்டும் இன்னும் ‘எச்’சை விடவில்லை. பிரிஞ்சாங்கும் அப்படியே. இன்னும் தமாஷ் சுங்கை பூலோவில். சிங்கப்பூரில் அந்தப் பெயரில் ஈரநிலக் காப்பகம் இருக்கிறது, பழைய ‘இ-ஐ’. சிலாங்கூரில் அதே பெயரில் ஊர் இருக்கிறது, புதிய ‘ஏ-ஐ’. சரி, மலேசியா திருத்திவிட்டது என்று நினைத்தால், அடுத்த சொல் காலை வாருகிறது. மூங்கிலைக் குறிக்கும் அந்தச் சொல்லை இன்றைய மலாய் ‘யு’ போட்டு எழுதுகிறது. ஊர்ப்பெயரில் இன்னும் பழைய ‘ஓ’. முதற்பாதி நவீனம், மறுபாதி காலனியம்.

தமிழுக்கு இந்தத் தலைவலி வரவேயில்லை. சுங்கை பட்டாணியானாலும் சுங்கை சிப்புட்டானாலும் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்து வேலையை முடித்துவிட்டது. மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகள் எந்தச் சீர்திருத்தத்துக்கும் காத்திராமல் அதையே எழுதிவந்தன.

இந்த ‘சுங்கை’யும் ‘யீ ஓல்டு’ம் பார்வைக்கு ஒரே ரகமாகத் தெரியலாம். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம். விடுதியின் எழுத்து தேடிப்போய்ப் போட்டுக்கொண்டது. தேயிலைப் பெட்டியின் எழுத்து அந்தக் காலத்து நடைமுறை. ஊர் மாறியபோது அது மாறவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு அதுவே நிறுவனத்தின் கையொப்பமாகிவிட்டது. ‘ஏ-ஐ’ போட்டு அச்சடித்தால் வாடிக்கையாளர் போலியோ என்று சந்தேகப்பட்டாலும் ஆச்சரியமில்லை.

நேர் எதிர்த்திசையில் ஓடுவது தானா ராத்தா பேருந்து நிலையம். அங்கே வாடகைக் கார் ‘டெக்ஸி’, கே-எஸ்-ஐ போட்டு. சீட்டு வாங்கும் இடம் ‘கவுன்டர்’, ‘கே’ போட்டு. பேருந்துக்கு ‘ஏ’ போட்ட ‘பஸ்’. காதில் விழுகிறபடி எழுது என்று மலாய் ஒரே போடாகப் போட்டுவிட்டது. ஆங்கிலேயர் நானூறு ஆண்டாகப் பேசிப் பேசியும் செய்யமுடியாததை, அவர்களிடம் சொல்லைக் கடன் வாங்கியவர்கள் சாதித்துவிட்டார்கள். அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டே 1906இல் 300 சொற்களுக்கு எளிய எழுத்துக்கூட்டல் போடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டு, நாடாளுமன்றம் எதிர்த்ததும் பின்வாங்கினார். கேமரன் மலைக்கே அடையாளமான பழம் மட்டும் மலாயிலும் அரைகுறையாக நிற்கிறது. ‘ஸ்ட்ராபெரி’யின் கடைசி ‘ஆர்-ஒய்’ போய்விட்டது; நடுவில் ‘டபிள்யூ’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இதெல்லாம் பலகைச் சமாச்சாரம். தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் பழைய எழுத்து தூசியோடு தூசியாகப் பறக்கிறது.

கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்த பிறகு கடைசியில் சலிக்கும் அறை. அதிர்ந்துகொண்டே இருக்கும் சல்லடைகளில் கறுத்த தூள் கொட்டுகிறது. கண்ணளவு குறையக் குறைய ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு தரம் தங்குகிறது. மூட்டைமேல் பி.ஓ.பி. என்று மூன்றெழுத்து, இன்னும் பொடியானால் பி.ஓ.பி.எஃப். முதல் மூன்றெழுத்தின் விரிவு புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ. ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘பீக்கோ’ என்பது சீனத்தின் ஹொக்கியன் பேச்சில் ‘வெள்ளை மயிர்’ என்ற பொருளில் வரும் ‘பெக் ஹோ’. இளங்கொழுந்தின் மேல் படிந்திருக்கும் பூனைமயிரைச் சொல்வது. அதை ஐரோப்பிய வியாபாரிகள் எழுதிய விதம்தான் பி-இ-கே-ஓ-இ. சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மாறியும், தேயிலை வியாபாரம் பழைய கணக்குப் புத்தகத்தை மூடவில்லை. ‘சூச்சோங்’, ‘ஹைசன்’ என்ற தேயிலைப் பெயர்களெல்லாம் அதே புத்தகத்துப் பக்கங்கள். பிரிஞ்சாங் சந்தையில் ஹொக்கியன் பேசும் காய்கறிக்காரர் வெள்ளை என்பதற்கு ஏறக்குறைய அதே சொல்லைத்தான் சொல்கிறார். எதிர்க்கடையில் விற்கும் டப்பாவில் தன் மொழி ஒளிந்திருப்பது, அந்த எழுத்தைப் பார்த்தாலும் அவருக்குத் தெரியாது.

போ என்ற நிறுவனப் பெயரை ‘பெஸ்ட் ஆஃப் ஹைலேண்ட்ஸ்’ என்று பலரும் விரிக்கிறார்கள். சீனாவின் வூயி மலையை ஆங்கிலேயர் ‘போஹியா’ என்று எழுதிய பழைய எழுத்துக்கூட்டலிலிருந்து வந்ததாக இன்னொரு பேச்சு உண்டு. போஹியா சாதாரணப் பெயரல்ல. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கர்கள் கடலில் கொட்டிய தேயிலையில் பெரும்பகுதி அதுதான்.

தேயிலைச் சொற்களில் எல்லாவற்றையும்விடப் பழைய எழுத்து எது என்றால், தோட்டத்தில் நாள் முழுக்கப் புழங்குகிற ‘டீ’. டி-இ-ஏ. லண்டன் நாட்குறிப்புக்காரர் சாமுவேல் பீப்ஸ் 1660 செப்டம்பரில் முதன்முதலாக ஒரு கோப்பை குடித்துவிட்டு அதை இரண்டு ‘இ’ போட்டு எழுதிவைத்தார். ‘இ-ஏ’ நிலைபெற்ற காலத்தில் அந்தச் சொல்லை ஆங்கிலேயர் பலரும் ‘டே’ என்றே சொன்னார்கள். 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அலெக்சாண்டர் போப் அதை ‘ஓபே’ என்ற சொல்லோடு இயைபாக முடித்திருக்கிறார். ‘கிரேட்’, ‘பிரேக்’ என்ற சொற்களில் ‘இ-ஏ’ இன்னும் பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘டே’ பிறகு ‘டீ’யாக மெலிந்தது, எழுத்து அசையவில்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெட்டிகளில் அச்சாகும் அந்த மூன்றெழுத்து, முந்நூறு ஆண்டுக்கு முந்தைய உச்சரிப்பின் பதிவு.

அந்த உச்சரிப்பு எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. ஹொக்கியனில் ‘தே’. தானா ராத்தா ஒட்டுக்கடையில் ‘தே தாரிக் ஒண்ணு’ என்று கேட்கும்போது மலாயிலும் ‘தே’. மலைச்சரிவில் கூடை சுமக்கிறவர்கள் பேச்சிலும் அது தேயிலை.

அந்தக் கூடைகளைச் சுமந்தவர்களின் பெயர்களில்தான் இந்த மலையின் பழைய எழுத்துக்கூட்டல் ஆழமாகப் பதிந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கையில் காகிதம் இல்லை. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றார்கள். தோட்டக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயரை எழுதினார். மலாயாத் தோட்டங்களில் கிராணிகள் பலர் யாழ்ப்பாணத்தார், சிலர் மலையாளிகள். பெயர் சொன்னவருக்கு ஆங்கிலம் தெரியாது, எழுதியவருக்கு அந்த ஊர் வாடை முழுக்கத் தெரியாது. காதில் விழுந்தது ஏட்டில் ஏறியது.

அப்படி ஏறியவள் ‘லெட்சுமி’. எல், இ, டி, சி, எச். சென்னையில் இன்று ‘கே-எஸ்-எச்’ போட்ட லக்ஷ்மிகள் நிறைய. மலேசியாவில் ‘டி-சி-எச்’ போட்ட லெட்சுமிகளும் லெட்சுமணன்களும் ஆயிரக்கணக்கில். படித்தவர்கள் பார்த்தால் ‘அறியாமல் எழுதியது’ என்று உதட்டைப் பிதுக்கக்கூடும். நின்று யோசித்தால், கிராணி எழுதியதுதான் தமிழ். தோட்டத்தில் யாரும் லக்ஷ்மி என்று கூப்பிட்டதில்லை. லெட்சுமி என்றே கூப்பிட்டார்கள். ராமசாமியில் ‘டபிள்யூ’ கிடையாது, ஏனென்றால் அவர் சாமிதான், ஸ்வாமி அல்ல. சின்னப்பன் ‘எஸ்’ஸில் தொடங்குகிறார். சென்னையில் ‘எச்’ போட்டு எழுதும் மனோகரன், மலேசியாவில் ‘ஜி’ போட்டு மனோகரனாகவே ஒலிக்கிறார். சமஸ்கிருதத்தைத் திரும்பிப் பார்க்காமல் வாயையும் காதையும் நம்பிய எழுத்துக்கூட்டல் இது.

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் வேட்பாளர் பட்டியலே இதற்கு நல்ல சாட்சி. 2008இல் வென்ற தேவமணியின் பெயர் ‘ஒய்’யில் முடியும், முனியாண்டி, லெட்சுமி என்று தோட்ட ஏடுகளில் எத்தனையோ பெயர்களுக்குக் கிராணிகள் போட்ட அதே ‘ஒய்’. 2018இல் அங்கே மோதியவர்களில் ஒருவர் ‘ஜி’ போட்ட மனோகரன். அவரைச் சொற்ப வாக்குகளில் முந்தியவர் சிவராஜ். அவர் பெயரில் அடுத்தடுத்து இரண்டு ‘ஆர்’, இரண்டு ‘ஏ’, முடிவில் ‘ஜே-எச்’. அந்தத் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்து 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது தனிக்கதை. எழுத்துக்காரருக்கு அந்த மூன்று பெயர்களே போதும். மூன்று காலம் தெரிகிறது.

கடல் கடந்த மற்றத் தமிழர்களுக்கும் இதே விதி. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகள் இன்றும் நாயுடுவை இரண்டு ‘ஓ’ போட்டு எழுதுகிறார்கள். முதலியார் ‘மூட்லி’ ஆனார். இந்தியாவில் அரசாங்கமே 1870களில் ஹன்ட்டர் வகுத்த எழுத்துக்கூட்டல் முறைக்கு மாறி, இரட்டை ‘ஓ’வை எடுத்துவிட்டு ‘யு’ போடத் தொடங்கியது. அதற்கு முன்பே கப்பலேறிய பெயர்களுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை.

ஊர்ப்பெயர்களைத் திருத்த முயன்ற அனுபவம் தமிழ்நாட்டுக்கும் உண்டு. வேலூர், கோயம்புத்தூர், எழும்பூர் எல்லாமே ஆங்கிலத்தில் ‘ஓ-ஆர்-இ’ என்று முடிகின்றன. நம் ‘ஊர்’ மேல் வெள்ளைக்காரர் ஒட்டிய அதே மௌன ‘இ’. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப எழுத ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கு வந்த புதிய எழுத்துக்கூட்டலில் ‘டி-எச்’சும் இரட்டை ‘ஓ’வும் சேர்ந்து பெயர் பலகையைவிட நீளமாகிவிட்டது. வேலூரில் இரண்டு ‘இ’ வந்து ‘வீலூர்’ என்று வாசிக்கும்படி ஆயிற்று. கேலியும் கிண்டலும் கிளம்ப, சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. வேலூரின் வால் ‘இ’ பிழைத்துக்கொண்டது.

மலேசியாவில் பெயரைத் திருத்துவது இன்னும் சிக்கல்.  தோட்டக் குடும்பங்களில் அப்பா பெயர் அண்ணன் சான்றிதழில் ஒரு மாதிரி, தம்பி சான்றிதழில் வேறு மாதிரி. ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று மகன், மகள் உறவைக் காட்டிப் பக்கத்திலேயே தகப்பன் பெயரை எழுதும் நாட்டில், ஓர் எழுத்து பிசகினாலும் வங்கியிலும் பதிவிலாகாவிலும் நின்று விளக்கவேண்டியிருக்கிறது. இ.பி.எஃப். என்ற சேமநிதிப் பணம் எடுக்கப் போகும் முதியவருக்கு, கிராணி எண்பது ஆண்டுக்கு முன் போட்ட ஒரு ‘ஒய்’ இன்றைய கவலை.

அதனால் இளம் பெற்றோர்கள் தாத்தா பாட்டி எழுத்தை விட்டு விலகுகிறார்கள். ‘டி-சி-எச்’ லெட்சுமி புதிதாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரிதாகத்தான் அமைகிறாள். அந்த இடத்துக்கு வருவது எண் சோதிடம். கூட்டுத்தொகை சரியாக வரவேண்டும் என்று இரண்டு ‘ஏ’, ஓர் உபரி ‘எச்’. தமிழ்நாட்டில் ஜெயலலிதா 2001இல் தன் ஆங்கிலப் பெயரின் முடிவில் இன்னொரு ‘ஏ’யைச் சேர்த்துக்கொண்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். ‘ஓல்டு’ வாலில் வைத்த ‘இ’ விருந்தினரை ஈர்க்க, இந்த ‘ஏ’ கிரகங்களைச் சமாதானப்படுத்த. உச்சரிப்பில் இரண்டுக்கும் வேலை இல்லை.

பிறப்புச் சான்றிதழில் ஒருமுறை ஏறிவிட்டால், அந்த உபரி எழுத்து பிள்ளையின் பன்னிரண்டாவது வயதில் மைகார்டு என்ற அடையாள அட்டைக்கு வருகிறது, பிறகு தேர்வுச் சான்றிதழுக்கு, கடப்பிதழுக்கு. இன்றைக்குப் பதிவு அலுவலர் கணினியில் தட்டும் பெயர்களில் பெற்றோர் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தபடியே எல்லா ‘ஏ’யும் ஏறுகின்றன, கிராணியின் காதுக்கு இப்போது வேலை இல்லை.